இருபதில் ஒன்று

மசாஜ் மேசையில் குப்புறக் கிடக்கிறான் யோப்பே.
வயது இருபத்திரண்டு.
நாளைக்கு இருநூற்று அறுபத்தேழு கிலோமீட்டர்.
கோர்ட்ரெய்க்கில் ஒரு மலிவு விடுதி,
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ வெகுநேரமாகப் பல் துலக்குகிறார்கள்.

"என்ன சொல்லுது கால்?"
கதவிடுக்கில் தலையை நீட்டுகிறார் மார்னிக்ஸ்,
கையில் வாட் கணக்கு எழுதிய தாள்.
கடைசி இருநூறு மீட்டரில்
இவனை முந்த ஆளில்லை என்கிறது தாள்.
சரிதான்.
ஆனால் கடைசி இருநூறு மீட்டர்
கடைசியில் அல்லவா இருக்கிறது.

தொடையில் குறையில்லை.
புதுக்கயிற்றின் முறுக்கு, எண்ணெய் நிற்காமல் வழிகிறது.
பிப்ரவரியில் மூன்று வெற்றி,
மூன்றும் குறுகிய பந்தயம், தட்டைச் சாலை, வெயில்.
ஒரு சோறு பதம் சொல்லும், ஒப்புக்கொள்கிறேன்.
இந்தப் பானை வேறு.

ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு
இவன் வயிறு எதை ஏற்கும்?
யாருக்கும் தெரியாது, இவனுக்கே தெரியாது.
பயிற்சியில் ஊர்ப் பெயர்ப்பலகை ஒவ்வொன்றுக்கும்
இருக்கையைவிட்டு எழுந்து பாய்கிறான்.
போன செவ்வாய் பதினோரு ஊர்களை வென்றான்.
பன்னிரண்டாவதில்
பீட்ரூட் வயலோரம் உட்கார்ந்து
என் வேனுக்காகக் காத்திருந்தான், உதடெல்லாம் உப்பு.

மேற்குக் காற்று வீசுமாம்.
ஒளிய ஒரு முதுகு வேண்டும்.
எந்த முதுகு அகலம், எது நாலாவது குன்றில் துவளும்
என்பதெல்லாம் எனக்குத் தெரியும்,
பன்னிரண்டு வருடம், ஏழு அணி,
பாதிப் பேரைப் பிசைந்திருக்கிறேன்.
ஆனால் நான் சைக்கிள் ஓட்டப்போவதில்லை.

"இருபதில் ஒன்று," என்கிறேன் மார்னிக்ஸிடம்.
அவர் தாளை மடித்தார். கதவு மூடியது.

"கேட்டுச்சு, ரீட்யா,"
மேசையின் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்.
நான் கையை நிறுத்தவில்லை.
"அந்த ஒண்ணு எப்படி இருக்கும்?"

"போரடிக்கும்," என்றேன்.

சிரித்தான்.
மாலையெல்லாம் மசியாத
இடது கெண்டைச்சதை
அப்போதுதான் இளகியது.

மறுநாள், நூற்று எழுபத்தோராவது கிலோமீட்டர்.
சாரல். ஒரு பண்ணைவீட்டு மதிலோரம்
உணவுப்பையை நீட்டியபடி நிற்கிறேன்.
வந்தார்கள்: சேறு, சங்கிலி இரைச்சல்,
நூற்றுச் சொச்சம் ஹெல்மெட்டுகள்,
கெட்ட வார்த்தைகள் நான்கு மொழிகளில்.
தேடித் தேடிப் பார்த்தேன்.
அவனைக் காணோம்.

கையைப் பார்த்தால்
பையையும் காணோம்.

பதினெட்டில் ஒன்று என்று
திருத்திக்கொண்டேன்.