ஒன்றுக்கு நூறு

ஏற்காடு தாலுகா ஆபீஸைப்
புதிதாய் வரையச் சொன்னார்கள், ஆறாம் செமஸ்டரில்.
மவுண்ட் போர்டை அடுக்கடுக்காய் வெட்டி
மலை செய்தாயிற்று.
கொட்டச்சேடு பக்கம் விரலில் பிளேடு பட்டது.

செக்‌ஷனில் ஆட்களை ஒட்டினேன்:
கைப்பையோடு நடக்கும் பெண்,
பலூன் பிடித்த குழந்தை.
எவருக்கும் அங்கே
ஒரு வேலையும் இருப்பதாய்த் தெரியவில்லை.

நேரில் போன அன்று மூடுபனி
வராந்தாவுக்குள் வந்திருந்தது.
சாதிச் சான்றுக்கு வந்தவர்கள்
சுவரோரம் குந்தியிருந்தார்கள்.
பேர் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்தார்.
தலை சாய்ந்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை.
பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.
கடைசி ஜன்னல்வரை, ஏறக்குறைய ஒரே உயரத்தில்,
யாரும் வரையாத கோடு.

டேப்பை நீட்டினேன்: இரண்டடி ஏழங்குலம்.
"இடிக்கப் போறீங்களாம்மா?"
நாகலூரிலிருந்து நாலாவது தடவை வந்திருந்த
வெள்ளையன் கேட்டார்.
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்றிரவு
கண்ணாடி முகப்பை அழித்துவிட்டேன்.
"பைத்தியமாடி" என்றாள் ரிஸ்வானா,
தன் ஷீட்டிலிருந்து தலை தூக்காமலே.

ஜூரியில் ஒருவர் பென்சிலால் தொட்டார்:
"சுவர் நெடுக இதென்ன பலகை?"
"சாய்மானம் சார். இரண்டடி ஏழங்குலம்."
ஏன் என்று சொல்லத் தொடங்கினேன்,
அதற்குள்
அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.