அரைப்பேர்

உயர்தரத்தில் அளவையியல் படித்தவன் நான்.
'பி' சித்தி.
அதனால்தானோ என்னவோ
மவுசாக்கலைக்கு மேலே, நாலாம் நம்பர் மலையில்
தராசு என் கையில்.
முள் நிற்குமுன்னே எழுதிப் பழகிய கை.

அன்றைக்கு அன்னபாக்கியத்தின் கொழுந்து
பதினொன்றரைக் கிலோ.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று கழித்து
ஒன்பதரை.
அரைப்பேர், என்றேன்.
அவள் நகரவில்லை.
பின்னால் வரிசை, அட்டை கடித்த கால்களைச் சொறிந்தபடி.
"எந்தப் பாதிய எழுதுன தம்பி?"

சிரித்தார்கள். நானும்.
இடுப்புக்கு மேலேயா, கீழேயா என்று தொடங்கி
கங்காணி சொன்னதை இங்கே எழுத முடியாது.
அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
குழம்பில் உப்புப் பார்க்கிறவள் போல
கேள்வியை நாக்கிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் பெரட்டில், பனி விலகுமுன்,
எல்லாரும் கேட்கச் சொன்னாள்:
"நேத்து நான் கேட்டது பிழை.
பாதின்னு ஒன்னு இருந்தாத்தானே எந்தப் பாதின்னு கேக்கலாம்?
மலை ஏறுனது முழு ஆளு.
எறங்குனதும் முழு ஆளு.
நடுவுல எந்த எடத்துல நான் பாதியானேன்?"

அடுத்தவன் வாதத்தில் ஓட்டை பிடிக்கத்தான்
எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.
தகரக் கூரையில் மழை அடிக்கும் இராத்திரியில்
தன் ஓட்டையைத் தானே தடவிக் கண்டுபிடித்து
விடிந்ததும் ஊர் நடுவே தூக்கிக் காட்டுவதற்கு
எந்தத் தாளிலும் புள்ளி இல்லை.

"முழுப்பேர் கேக்குறியா?" என்றார் சின்னத்துரை.
"அதையும் கேப்பேன். அது வேற.
இது வேற."
"பதினெட்டுக் கிலோதான் ஒரு பேர்."
"சரிங்க. பேரை மொதல்ல
எந்தத் தராசுல வெச்சுப் பாத்தாங்க?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.
மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

மாசியில் நீர்த்தேக்கம் வற்றினால்
மூழ்கிய பழைய கோயில் தலை காட்டும்.
அந்தக் கேள்வியும் எனக்கு அப்படித்தான்.
மழை பெய்தால் மறந்துபோகிறேன்.
அரைப்பேர் இன்னும் எழுதுகிறேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

விடை கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டேன்.
"இல்ல. ஒனக்கு அவசரமா?"
சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் ஆடியது.
அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேனாவை மூடிவிட்டு
நானும்.