தற்காலிகம்

மில்டன் கீன்ஸ், வடகிழக்கு ஓரம்.
என் பஸ் திரும்புமிடம்.
முதன்முதல் இந்தத் தடத்தை நான் ஓட்டியபோது
கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் கடுகு பூத்திருந்தது.
இப்போது இரண்டாயிரத்து நூறு வீடு.
எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் கதவு,
பார்சல் பையன்கள் இலக்கம் தேடி
என் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார்கள்.

விற்பனைக் கந்தோரின் சுவர்ப்படத்தில்
வைத்தியசாலை நீலம், நூலகம் மஞ்சள்,
கழிப்பறை ஒரு சின்னப் பச்சைச் சதுரம்.
சதுரத்தை மட்டும் கட்டினார்கள்.
நாடா வெட்டினார்கள், கேக்கும் இருந்ததாம்.
பதினொரு நாள் திறந்திருந்தது.
பன்னிரண்டாம் நாள் கதவில் ஒரு தாள்:
தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.

அந்தச் சொல்லை எனக்கு நல்லாய்த் தெரியும்.
ஏழு வருசம் அதற்குள்தான் குடியிருந்தேன்,
உள்துறை அமைச்சு அனுப்பிய கடிதமொன்றில்.

பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை.
'எங்களுக்கு வேலியாவது இருக்கு' என்பான் ஸ்லாவெக்.
சொன்னபிறகு தன் சப்பாத்தைப் பார்ப்பான்.
ஆனியில் காய்ச்சல், இடுப்பில் கொதிநோ.
டொக்டர் மருந்தெழுதிவிட்டுச் சொன்னார்:
நிறையத் தண்ணீர் குடியுங்கோ.

நகரசபையைக் கேட்டேன்:
கட்டியவர்கள் இன்னும் கையளிக்கவில்லை.
கட்டியவர்களைக் கேட்டேன்:
நகரசபை இன்னும் பொறுப்பேற்கவில்லை.
சரி, அந்தப் பூட்டு ஆருடையது என்றேன்.
அதற்கு மட்டும்
இரண்டு பக்கமும் இசை வைத்தார்கள்,
காத்திருக்கச் சொல்லி.

வட்டாரசபைக் கூட்டம், பள்ளிக்கூட மண்டபம்,
பிள்ளைகள் இருக்கும் குட்டிக் கதிரைகள்.
பதினான்காவது விடயம் நான்.
பதின்மூன்றாவது, குளத்து வாத்துகளுக்குப் பாண் போடலாமா என்பது.
அதற்கு நாற்பது நிமிடம்.
எனக்கு மூன்று.
செயலாளர் கைபேசியில் நேரம் வைத்தார்.

'நீங்கள் இந்த வட்டாரத்தில் வசிப்பவரா?'
இல்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம்
இங்கேதான் சுற்றுகிறேன்.
'அப்படியானால் வசிப்பவர் இல்லை.'
இல்லை.
'எத்தனை பேர் அதைப் பாவிக்கிறார்கள்?'
ஒருவரும் இல்லை, ஐயா. பூட்டியிருக்கிறது.
பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
வந்தால் அடக்க முடியாத நிலை.
கைபேசி வாத்துப்போலக் கத்தியது.

கூட்டக்குறிப்பில் ஒரே வரி:
பஸ் ஊழியர் ஒருவர் கவலை தெரிவித்தார்.
நான் கவலை தெரிவிக்கவில்லை.
கேள்வி கேட்டேன்.

மறுநாள் திருப்பத்தில் ஏழு நிமிட ஓய்வு.
இறங்கிப்போய் அந்தத் தாளின் கீழே
நீலப் பேனையால் ஒரு கோடு போட்டேன்.
ஒரு நாளுக்கு ஒரு கோடு. நாலு நின்றால்
ஐந்தாவது குறுக்கே விழும்.
முந்தின நானூற்றுப் பன்னிரண்டு நாளையும்
இலக்கமாய் மேலே எழுதிவைத்தேன்.

எனக்கு லீவு இரண்டு நாள்.
திரும்பி வந்தால் இரண்டு கோடு கூட.
ஒன்று கறுப்பு, தபால்காரரின் கை அழுத்தம்.
மற்றது கண்மை போலிருந்தது.
பிறகு ஊதாக் கிரயோன், மிகக் கீழே,
தள்ளுவண்டியில் இருந்து எட்டும் உயரத்தில்.
அது ஒரு கோடில்லை, கிறுக்கல்.
அதையும் ஒரு நாளாய்க் கணக்கில் சேர்த்தேன்.

ஐப்பசியில் ஒரு வான் வந்து நின்றது.
மஞ்சள் சட்டை, ஏணி, கருவிப்பெட்டி.
பஸ்ஸுக்குள் எட்டுப் பேர். நான் நேரம் தாண்டியும்
கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவன் பழைய தாளைக் கிழித்தான்.
புதியதை ஒட்டினான்.
பிளாஸ்டிக் உறை போட்டது, பேனை பிடிக்காது.
எழுத்து முந்தியதைவிடப் பெரிசு.
சொல் அதே சொல்.

அடுத்த சுற்றில் வந்தபோது மழை.
வைப்பர் ஒருமுறை துடைத்த இடைவெளியில் கண்டேன்,
பிளாஸ்டிக்கில் ஆரோ திறப்பால் கீறிய
ஒரு கோடு.

எனது திறப்புகள்
என் சட்டைப்பையிலேயே கிடந்தன.