கொருக்குப்பேட்டை கேட்

உத்தரவில் ஐந்து மணிக்குள் என்றிருந்தது.
ரயில்வே கேட்டைப் பற்றி
நீதிபதியிடம் யாரும் சொல்லவில்லை போல.

எழில் நகர், மூன்றாவது பிளாக், இரண்டாம் மாடி.
நான் கோர்ட் அமீனா.
கூட வந்த கான்ஸ்டபிள் எட்டியம்மாளுக்கு மூட்டுவலி,
படிக்கொரு முருகா.
கதவருகே நின்று, பழக்கதோஷத்தில், உரக்கவே வாசித்தேன்:
'மைனர் ஹேமவர்ஷினி, வயது ஆறு, தகப்பனார் தேசப்பன்…'

டிவிக்கு முன்னாலிருந்து
ஒரு கை உயர்ந்தது.
'உள்ளேன் மிஸ்.'

இருபது வருஷத்தில் பீரோக்களை ஜப்தி செய்திருக்கிறேன்,
ஒரு மீன் வேனை,
ஒருமுறை மண்டபத்து நாற்காலிகள் முந்நூறை.
பேர் வாசித்ததும் எதுவும் கை தூக்கியதில்லை.

தேசப்பன் சண்டை போடவில்லை.
ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன்,
சரக்கை இறக்கிக் கையெழுத்துப் போடத் தெரிந்தவன்.
எங்க போடணும் என்று மட்டும் கேட்டான்.
யூனிஃபார்ம் இரண்டு செட், ஷூ, இன்ஹேலர்,
ரப்பர் பேண்ட் போட்ட பாதி பாக்கெட் பிஸ்கட்.
படிவரை வந்து சொன்னான்:
'கீழ்ப்பல்லு ஆடுது மேடம். இன்னிக்கோ நாளைக்கோ.
முழுங்கிடாம பாத்துக்கச் சொல்லுங்க அவகிட்ட.'

லீவுக்கு ரெண்டு நாள் என்று கூட்டி வந்தவன்
நாலு மாசமாய்த் திருப்பி அனுப்பவில்லை.
அது பத்தி ஏழில் இருக்கிறது.
பல் எந்தப் பத்தியிலும் இல்லை.

நாலு இருபது. கேட் போட்டுவிட்டார்கள்.
தண்ணி லாரி, ஒரு மாடு,
கம்பிக்கடியில் தலை குனிந்து நுழையும் பைக்குகள்.
கன்டெய்னர் குட்ஸ், நடப்பதைவிட மெதுவாக.
அவள் எண்ணத் தொடங்கினாள்.
'நீலம்லாம் எங்கப்பா ஓட்டுனது.'
பத்தொன்பதாவதில் வாயில் விரல் விட்டாள்.
'வந்துடுச்சி.'

எட்டியம்மாள் கர்ச்சீப்பால் ரத்தம் துடைத்தார்.
'கூரை மேல போடணும்' என்றாள் குழந்தை.
'எந்த வீட்டுக் கூரை?'

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்தாள்.
நான் பிடிப்பதற்குள் ஆட்டோவிலிருந்து குதித்து
கம்பிவரை ஓடி
வீசினாள்.
பெட்டி மேல் விழுந்ததா, ஜல்லியிலா, தெரியாது.
'பட்டுச்சு கண்ணு, பாத்தேன்' என்றார் எட்டியம்மாள்.
கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகமே தெரியாது.

'இருவத்திமூணு' என்றாள் அவள்,
எண்ணிக்கை விட்டுப்போனது எனக்குத்தான்.

அகஸ்தியா ஸ்டாப்.
நாலு ஐம்பத்தெட்டு என்று குறித்துக்கொண்டேன்.
வடிவு பத்து மணியிலிருந்தே நின்றிருக்கிறாள்,
பூக்காரி சொன்னாள்.
ஓடி வரவில்லை. அருகில் போனதும் குந்தி உட்கார்ந்து
கையைத் தொட்டாள், காதை, பிறகு கன்னத்தை,
எதுவும் குறையவில்லையே என்று பார்ப்பவளாக.

'பல்லு எங்கடி?'

'நாப்பத்தேழு.'

புது ஓட்டை வழியே காற்றும் கூடவே வந்தது.
வடிவு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் பேனாவைத் தேடினேன்.