என் கூரையின் வயது

பரீட்சைப் புத்தகத்தில் அதற்குப் பெயரே
கைதி முகவர்.
எழுதியவனுக்குக் கூச்சமில்லை போலும்.
ஒரே கம்பெனி, ஒரே கொடி,
அவர்கள் கொடுத்ததை மட்டும் விற்க வேண்டும்.
மற்றது சுயேச்சை.
தேர்தலில் நிற்பவன் மாதிரி. டெபாசிட் போகும்.

பதினான்கு வருஷம் தானியக் கிடங்கின் எடைமேடையில்
லாரி ஏறும், இறங்கும்.
நிறைந்த எடையில் வெற்று எடையைக் கழித்துச்
சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான்.
கிடங்கை ஒமாஹாக்காரர்கள் வாங்கினார்கள்.
தராசு தானே சீட்டு அடிக்கக் கற்றுக்கொண்டது.

இப்போது கையில் லைசென்ஸ்,
சமையலறை மேசையில் இரண்டு காகிதக் கட்டு.

தடித்தது வெண்டல் ஹோலுப் கொண்டுவந்தது.
மேசை, நாற்காலி, வாசலில் விளக்குப் பலகை,
இரண்டு வருஷத்துக்குச் சம்பளம்,
என் மகன் கோல்பியின் இன்ஹேலருக்கு மருத்துவக் காப்பீடு.
பதினெட்டாம் பக்கத்தில் பொடி எழுத்து:
விலகினால் வாடிக்கையாளர்கள் கம்பெனியின் சொத்து,
இரண்டு வருஷம் அவர்களை அணுகக் கூடாது.

இந்த ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர்.
கெட்டிக்காரியாக இருந்து எல்லோரிடமும் விற்றுவிட்டால்
பிறகு ரொட்டிக்கடையில் யாரைப் பார்த்துத் தலையசைப்பது?
என் நாத்தனாரையாவது அணுகலாமா என்று கேட்டேன்.
வெண்டல் சிரித்தான்.
"அவளை யார் அணுகுவார்கள், மார்லிஸ்?"

மெலிந்த கட்டு லிங்கன் நகரத்திலிருந்து.
பதினொரு கம்பெனிகளின் கதவைத் திறந்துவிடுவார்கள்,
கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு.
சம்பளம் இல்லை. பலகை இல்லை. இன்ஹேலர் இல்லை.
பெயர்ப் பட்டியல் மட்டும் என்னுடையது.
விற்கலாம், கோல்பிக்குக் கொடுக்கலாம்,
என்னோடு புதைக்கவும் சொல்லலாம்.

ஒன்பது நாள் கூட்டிக் கழித்தேன்,
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று
ஊருக்குச் சொல்லி விற்கப்போகிறவள்.
எனக்கு என்ன நடக்கும் என்று சொல்லத்தான் ஆளில்லை.
கடைசியில் வெண்டல் விட்டுப்போன பேனாவையே எடுத்தேன்.
பிள்ளையின் மூச்சு முதலில்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து.
சனிக்கிழமை தபால் வந்தது.
என் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க இயலாதாம்,
கூரைக்கு இருபத்தோரு வயதாகிவிட்டதாம்.
காகிதத்தின் தலையில் ஒரு கொடி.
அதே கொடி.

வெண்டலைக் கூப்பிட்டேன்.
"அது வேறு துறை" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில்,
"என்னுடையதையும் நிறுத்திவிட்டார்கள். வெளியே சொல்லாதே."
எங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.
அவன் தலைக்கு மேல் பலகை விளக்கு
ரீங்கரித்துக்கொண்டிருந்தது, அதுதான் கேட்டது.

லிங்கனுக்கு வண்டியை ஓட்டினேன்.
வீரம் என்று யாரும் எழுத வேண்டாம்.
இன்ஹேலருக்காக முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
இரவு வேலை, போர்வைகள் மடிக்கிறேன்.
பகலில், மூடிப்போன அழகு நிலையத்தின் பின்னறை.
தலை உலர்த்தும் நாற்காலிகள் இரண்டு இன்னும் அங்கேயே,
வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும்.
வருகிறவர்கள் என்று பன்மையில் சொல்வது
ஒரு நம்பிக்கைதான்.

முதல் விண்ணப்பம் என் கூரைக்கே.
பதினொரு கதவு தட்டினேன்.
எட்டு, இல்லை என்றன.
இரண்டு, பதிலே சொல்லவில்லை.
ஒன்று, இரட்டிப்பு விலைக்குச் சம்மதித்தது,
முதல் பத்தாயிரம் டாலர் நஷ்டம் என் தலையில்.
ஒரு வாயால் கேட்ட இல்லையை
எட்டு வாயால் கேட்கும் சுதந்திரம்.
கமிஷன் அறுபத்து மூன்று,
லிங்கன் பங்கு போக நாற்பத்திரண்டு.

ஜூன் மாதம். மேற்கே வானம் பச்சையாகிறது,
ஆலங்கட்டிக்கு முன் இங்கே வரும் நிறம்.
வாசலில் ஒரு கார் நிற்கிறது, இறங்காமல்,
எஞ்சினை அணைக்காமல்.
வெண்டல்.

உலர்த்தும் நாற்காலியின் தூசியைத் துடைக்கிறேன்.
அவன் கூரைக்கு எத்தனை வயதென்று
முதலில் கேட்க வேண்டும்.