வார விடுப்பு

ஆந்திராவுக்குள் பெட்ரோல் விலை கூட என்று
ஊத்துக்கோட்டையிலேயே நிரப்பிக்கொண்டோம்.
இரண்டு வண்டி, மூன்று பேர்:
நான், தேவசகாயம், பெஞ்சலய்யா.
ராத்திரி ஷிப்ட் முடிந்து
குளித்தும் போகாத தின்னர் வாசனையோடு
ஆரணி ஆற்றுப் பக்கம் வந்தோம்.
ஆற்றில் மணல் இருந்தது.
மணலில் லாரித் தடம் இருந்தது.
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிட்டது.
டீ அதே டீ.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார்.
ஆடுகிறவரைப் பார்த்திருக்கிறேன்,
ஓடேந்திப் பிச்சைக்குப் போகிறவரையும்.
இப்படி மல்லாந்து கிடப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.
ஆலகாலம் குடித்த மயக்கம்.
தலை அம்மன் மடியில்.
சுற்றிலும் தேவர்கள்,
பார்வை நேரம் முடிந்தும் போகாத சொந்தக்காரர்களைப்போல.

போன ஆடியில்
மூன்றாம் நம்பர் தொட்டியைக் கழுவ இறங்கினேன்.
ஏணியின் பாதிவரை ஏறியது நினைவிருக்கிறது.
மீதி ஏணியைப் பிறர் சொல்லித்தான் தெரியும்.
இழுத்துப் போட்டவன் பெஞ்சலய்யா.
அவன் தொடையில் என் தலை.
சூப்பர்வைசர் ஹெல்மெட்டால் விசிறினாராம்.
மோர் கொடு என்று ஒரு கட்சி,
கொடுக்காதே என்று ஒரு கட்சி.
அதைப்பற்றி நானும் அவனும் பேசியதில்லை.

அர்ச்சகர் தெலுங்கில் கோத்திரம் கேட்டார்.
பெஞ்சலய்யா எனக்கும் சேர்த்து ஒன்று சொன்னான்.
தேவசகாயம் செருப்புக்குக் காவல் என்று
வெளியே நின்றவன்,
வாசல்வரை வந்து
நுனிக்காலில் எக்கி எக்கிப் பார்த்தான்.

நாகலாபுரத்துப் பெருமாளுக்கு
இடுப்புக்குக் கீழே மீன்.
அருவிக்குப் போகும் வழியில்
வனக்காவலர் கழியைக் குறுக்கே நீட்டினார்.
நேற்று இரண்டு காலேஜ் பையன்கள்,
என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.
மலைக்கு மேலே ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது.
சத்தம் வரவில்லை.
எங்கள் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு
பாத குடி ஒன்று இருக்கு, போங்கள் என்றார்.
பழைய கோயிலாம்.
குடி என்றால் அவர்களுக்குக் கோயில்.

மாந்தோப்புக்குள் இருந்தது.
கூரை இல்லை, சாமி இல்லை,
கருவறையில் பம்புசெட்டுக் குழாய்கள்.
சுவர் முழுக்க எழுத்து.
உங்கள் எழுத்து, படி, என்றான் பெஞ்சலய்யா.
உங்களுடையது, நீ படி, என்றேன்.
இரண்டு பேருக்கும் வரவில்லை.
தேவசகாயம்தான் விரலால் தடவித் தடவி
ஒன்றைக் கண்டுபிடித்தான்: ப.
பாதி உடைந்த வேறு எழுத்தாகவும் இருக்கலாம்.

தோப்புக்கார அம்மாள் ஆட்டை விரட்டிக்கொண்டே சொன்னாள்:
ஆபீசர்கள் வந்தார்கள்,
ஈரத்தாளை ஒட்டி, மை தட்டி,
உரித்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.
என்ன எழுதியிருக்கிறது என்று
திரும்பிவந்து ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்களிடமும் வருஷத்துக்கு ஒருமுறை
வேன் வைத்து வந்து ரத்தம் எடுக்கிறார்கள்.
ரிப்போர்ட் கம்பெனிக்குப் போகும்.
தேவசகாயம் இதைச் சொன்னபோது
அந்த அம்மாளும் சிரித்தாள்,
எவ்வளவு புரிந்ததோ.
ஆளுக்கொரு பங்கனப்பள்ளி கொடுத்தாள்.
அடிவாங்கிய பழம், நல்ல இனிப்பு.

கல்தரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தோம்.
எறும்பு கடித்து நான் எழுந்தபோது
பெஞ்சலய்யா தூங்காமல்
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
எல்லைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டினான்.
அன்றைக்கு நீ ஏதோ முனகினாய், என்றான்.
ஒரே சொல், திருப்பித் திருப்பி.
அப்போது எனக்கு இவ்வளவு தமிழ் வராது.
என்ன அது?

தண்ணீர் கேட்டிருப்பேன், என்றேன்.

தண்ணீர் எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லை.

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி
அந்தச் சொல்லை அப்படியே சொல்லிக் காட்டினான்.
மணல் லாரி ஒன்று கடந்துபோனது.
இன்னொரு தடவை சொல் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
ப-வில் தொடங்கியது.
அவ்வளவுதான் கேட்டது.