சுண்டுவிரலுக்குக் கீழே

மூன்றாம் மாடியிலிருந்து குதிக்கிறான்.
தரை பிளக்கிறது. அவன் பிளக்கவில்லை.
ஒரு கால் மடக்கி, ஒரு கை ஊன்றி,
தூசியைத் தட்டிவிட்டு எழுகிறான்.
நான் விசில் அடிக்கிறேன்.

பத்தொன்பது வருஷமாய் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
மூன்றாம் மாடி எனக்குத் தெரியும்.
கொசப்பேட்டையில் சாரத்திலிருந்து விழுந்த பெயின்டருக்கு
இரண்டு குதிகால் எலும்பும்
கையில் நொறுக்கிய அப்பளம்.
முதுகையும் ஒரு படம் எடு என்றார்கள். எடுத்தேன்.
அந்தப் படத்துக்கு யாரும் விசில் அடிக்கவில்லை.

எதிராஜ் காட்பாடியில் பிளஸ் டூவுக்கு
இயற்பியல் நடத்துகிறவர்.
என் வீட்டுக்காரர் என்பதால் பக்கத்து சீட்.
பாப்கார்ன் பில்லின் முதுகில் கணக்குப் போடுவார்:
லாரி எடை இவ்வளவு, வேகம் இவ்வளவு,
ஒரே உதையில் அது பல்டி அடிக்கணும்னா
"அவன் எடை நாற்பது டன் இருக்கணும், சுகுணா."
இருந்துட்டுப் போகட்டுமே.
"துப்பாக்கியில் ஆறு குண்டு. முப்பத்தோரு தடவை சுட்டுட்டான்."
எண்ணினீங்களா?
"எண்ணினேன்."
அப்ப என்னைவிட நல்லாத்தான் பார்த்திருக்கீங்க.

எங்கள் ஊரையே அப்படித்தான் சொல்வார்கள்:
தண்ணியில்லா ஆறு, ராஜாவில்லா கோட்டை,
மரமில்லா மலை.
சாமியில்லா கோயில் என்றும் சேர்த்துக்கொள்வார்கள்;
சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும்
சொன்ன வாய் நிற்கவில்லை.
இத்தனை இல்லைகளோடு குடித்தனம் நடத்துகிறோம்.
லாஜிக் இல்லாத படம் ஒன்று
அந்த வரிசையில் கடைசியாய் நின்றால்
யாருக்கு என்ன இடைஞ்சல்?

ரெஜினா சிஸ்டர் கேட்பது வேறு.
நாள் முழுக்க ரத்தம் பார்த்துட்டு
காசு கொடுத்து வேற பார்க்கணுமா?

அந்த ரத்தம் நாறாது சிஸ்டர்.
அதற்கு குரூப் கிடையாது.
ரத்த வங்கி வாசலில் நின்றுகொண்டு
மச்சானுக்கும் மச்சான் சிநேகிதனுக்கும் போன் போட வேண்டாம்.
அடி வாங்கிப் பறக்கும் அறுபது பேருக்கும்
அட்வான்ஸ் கட்ட கவுண்டர் இல்லை,
கைநாட்டு வைக்கப் பெண்டாட்டி இல்லை,
நாளைக்கு வேலைக்குப் போகிற கவலை இல்லை.
வெளியே கத்திரி வெயில் பாறையை வேகவைக்கிறது.
உள்ளே ஏசி, விரல் நுனியில் உப்பு,
இரண்டே முக்கால் மணி நேரம்
விழுகிற எவனுக்கும் வலிக்காது.

இவ்வளவு விரிவாய் நான் அவளிடம் சொல்லவில்லை.
"சும்மா ஜாலிக்குத்தான்" என்றேன்.
அதுவும் உண்மை.

போன வெள்ளிக்கிழமை புதுப்படம்.
மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பையன் வந்தான்.
சத்துவாச்சாரி. யுகேந்திரன். வயது பதினேழு.
தலைமுடியில் கலர் காகிதத் துணுக்கு.
வலது கை பூரி மாதிரி உப்பியிருந்தது.
தியேட்டர் கக்கூஸ் சுவரைக் குத்தியிருக்கிறான்.
ஹீரோ குத்தினபோது சுவர் விழுந்துச்சாம்.

கையைப் பலகையில் வைத்து விரல்களை விரித்தேன்.
அசையாதே என்றேன்.
திரையில் வந்தது:
சுண்டுவிரலுக்குக் கீழே, கழுத்து முறிந்து
தலை கவிழ்ந்த எலும்பு.
நியூட்டனின் மூன்றாம் விதி
ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

கதவுக்கு வெளியே அவன் அம்மா
தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்:
சினிமாக்காரன் நாசமாப் போக,
பார்த்துக் கை தட்டுறவன் நாசமாப் போக.
மெஷின் பொத்தானில் இருந்த என் விரலை
நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
விசிலடிக்க நாக்கை மடக்கும் விரல்.
அவளுக்குப் பதில் சொல்ல
என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றும் இல்லை.

இன்னொரு கோணத்துக்காக
அவன் மணிக்கட்டைச் சரித்தேன்.
பல்லைக் கடித்தான்.
கதவு சாத்தியிருந்தது.
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:
படம் எப்படி?

"இன்டர்வெல்லுக்கு அப்புறம் செம, அக்கா!"
உடையாத கையின் கட்டைவிரல் தானாக எழுந்தது.

அசையாதேடா என்றேன்.

ஞாயிறு காலைக் காட்சி, நடு வரிசை, இரண்டு டிக்கெட்.
எதிராஜிடம் பேனா எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.